மீன் முள் குத்திய விரல்: காலை வரை காத்திருக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. கடல் கெளுத்தி சுத்தம் செய்யும்போது அப்பாவின் நடுவிரலில் முள் குத்தி இரண்டு நாளாகிறது, மருந்துக்கடை மாத்திரையில் வீக்கம் குறையவில்லை, சர்க்கரையும் உண்டு என்கிறீர்கள். இன்று இரவே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

விரலைப் பாருங்கள். முழு விரலும் ஒரே சீராக வீங்கியிருக்கிறதா? லேசாக மடங்கியபடியே நிற்கிறதா? மெல்ல நிமிர்த்தினால் வலியில் துடிக்கிறாரா? உள்ளங்கைப் பக்கமாக விரல் நெடுக அழுத்தினால் வலிக்கிறதா? அமெரிக்க அறுவை மருத்துவர் கனவெல் நூறு வருடத்துக்கு முன்பே சொன்ன அடையாளங்கள் இவை. விரலை மடக்கும் தசைநாணின் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். நான்கும் சேர்ந்துதான் வரும் என்றில்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் தசைநாணுக்கு ரத்தம் போகாமல் அழுகும். அப்புறம் விரல் மடங்காது. அதனால் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். பல சமயம் உறையைத் திறந்து கழுவவும் வேண்டியிருக்கும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. காயம் சின்னது, வலியோ தாங்க முடியவில்லை, சிவப்பு மணிக்கட்டைத் தாண்டுகிறது, தோல் கருநீலமாகிறது, கொப்புளம், காய்ச்சல், பேச்சில் குழப்பம் என்றால் உடனே 108. அது சதையை அழிக்கும் தொற்றாக இருக்கலாம். கடல் நீரில் வாழும் சில விப்ரியோ கிருமிகள் சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவர்களை ஒரே நாளில் சாய்த்துவிடும்.

மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றுங்கள். கையை உயர்த்தியே வைத்திருக்கட்டும். மஞ்சள் சுண்ணாம்புப் பற்று வேண்டாம், வீட்டில் ஊசியால் குத்தவும் வேண்டாம். கடல் மீன் முள், சர்க்கரை, சாப்பிட்ட மாத்திரை, கடைசியாக டிடி ஊசி போட்டது எப்போது, எல்லாவற்றையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சென்னை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.