மழை நாள், ஒரே ஹால், 40 பிள்ளைகள்: பி.டி. மிஸ் பதில்கள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் கிரவுண்டு குளமாகிவிடும். பள்ளி ஹால், கல்யாண மண்டபம், வீட்டு வராண்டா என்று கிடைத்த இடத்தில் பிள்ளைகளை ஓடவைக்க வேண்டியதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பள்ளிகளில் 24 வருடம் நான் பார்த்த வேலை அது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கொருக்குப்பேட்டை, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: மிஸ், 40 பேரை வைத்து ஹாலில் ரிலே நடத்துகிறேன். சத்தம் காது கிழிகிறது, ஆனால் யாருக்கும் வேர்க்கக்கூட இல்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள் டீச்சர். நாலு வரிசை, வரிசைக்கு 10 பேர். ஒருவர் ஓடித் திரும்ப 12 விநாடி என்றால், தன் முறை மறுபடி வர 2 நிமிடம். அதில் ஓட்டம் 12 விநாடிதான். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் சட்டையை இழுப்பது. நான் ஒருமுறை, சத்தமே போடாத ஒரு பிள்ளையை மனதுக்குள் குறித்துவைத்து, அவள் ஓடும்போது மட்டும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். முழு பீரியடுக்கும் 4 நிமிடம் தேறவில்லை. நானோ அன்று தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தியிருந்தேன்.

ரிலேயை விட்டுவிட்டு ‘வால் பிடுங்கி’ ஆடுங்கள். ஆளுக்கொரு கர்ச்சீப், இல்லாவிட்டால் பழைய துப்பட்டாவைக் கிழித்த துண்டு. இடுப்புக்குப் பின்னால் செருக வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது, முக்கால்வாசி வெளியே தொங்க வேண்டும். விசில் அடித்ததும் எல்லோரும் எல்லோருடைய வாலையும் பிடுங்கலாம். வால் போனவர் உட்காரக் கூடாது. சுவரோரம் போய் ஐந்து தவளைக் குதி குதித்து, உங்கள் கையிலிருக்கும் உதிரி வாலை வாங்கிக்கொண்டு உள்ளே வரலாம். ஒரு ஆட்டம் 2 நிமிடம் போதும், அதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஹால் சின்னது என்றால் 20 பேர் நடுவில், மற்ற 20 பேர் சுவரோரம் கயிறில்லாத ஸ்கிப்பிங். அப்புறம் மாற்றிவிடுங்கள்.

பெரம்பூர், ஒரு அப்பா: மியூசிக்கல் சேரில் என் மகள்தான் எப்போதும் முதலில் அவுட். வீட்டுக்கு வந்து அழுகிறாள்.

அந்த ஆட்டத்தின் கோளாறே அதுதான். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவரையே முதலில் உட்காரவைக்கிறது. நாற்காலியைக் குறைக்கட்டும், பிள்ளையைக் குறைக்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிப் பாருங்கள். நாற்காலிக்குப் பதில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டால் போதும். (செய்தித்தாளை விரிக்காதீர்கள், டைல்ஸில் சறுக்கும்.) ஒவ்வொரு முறையும் ஒரு வட்டத்தை அழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் எட்டுப் பேர் ஒரே வட்டத்துக்குள் ஒற்றைக் காலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சிரிப்பை நேரில் பார்க்க வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஒரு தாத்தா: மண்ணில் புரண்டால்தான் ஆட்டம். கூரைக்குக் கீழே ஆடுவதெல்லாம் ஒரு ஆட்டமா அம்மா?

ஐயா, பாஸ்கெட்பாலே கூரைக்குக் கீழே பிறந்ததுதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடை இரண்டை ஹால் பால்கனியில் அடித்து உண்டாக்கிய ஆட்டம் அது. நம் ஊரிலும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920ல் ஹாரி பக் தொடங்கினார். பனி அவர்களுக்கு, மழையும் கத்திரி வெயிலும் நமக்கு. மண் காய்ந்ததும் பேரனைக் கட்டாயம் புரளவிடுங்கள்.

வியாசர்பாடி, ஒரு அம்மா: 8 வயது மகன் பாக்ஸிங்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், அக்கா.

சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பேச்சு கேட்டு வளரும் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். தலையில் அடி விழும் எதுவும் இந்த வயதில் வேண்டாம். கால் வேலையை மட்டும் விளையாட்டாகக் கொடுக்கலாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தன் தோளைத் தொடவிடாமல் அடுத்தவர் தோளைத் திறந்த கையால் தொட வேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை ஜோடி மாறணும். முதலில் இதை முட்டி தொடும் ஆட்டமாகத்தான் வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து மண்டை மோதி, ஒருவனுக்கு நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். அன்றோடு தோளுக்கு மாற்றினேன்.

புளியந்தோப்பு, ஒரு அம்மா: ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. குதித்தால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

குதிக்காத ஆட்டமாகப் பாருங்கள். பலூனைத் தரையில் விழாமல் தட்டுவது. ஃபேனை மட்டும் அணைத்துவிடுங்கள். அப்புறம் மிருக நடைகள். கரடி மாதிரி நாலு காலில் போவது, மல்லாக்கக் கையூன்றி இடுப்பைத் தூக்கி நண்டு மாதிரி போவது. காசிமேட்டுப் பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, “மிஸ், நண்டு எங்கயாச்சும் நேரா போகுமா?” என்று கேட்டான். அன்றிலிருந்து எங்கள் நண்டு பக்கவாட்டில்தான் போகிறது. சொல்லப்போனால் அதுதான் கஷ்டம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே மூச்சில் வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் சரி.

திருவொற்றியூர், பி.டி. டீச்சராகப் புதிதாகச் சேர்ந்த தம்பி: ஹாலில் ஷூவா, வெறுங்காலா?

தரை காய்ந்திருந்தால் கேன்வாஸ் ஷூ, இல்லையென்றால் வெறுங்கால். சாக்ஸோடு மட்டும் விடாதே, சறுக்கி விழுவது பெரும்பாலும் அதில்தான். மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை ஓதம் ஏறிக் கசியும். விளையாட்டுக்கு முன் நீயே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடந்து பார். வீசிங் உள்ள பிள்ளை யார் யார் என்று பட்டியல் எடுத்து வை. இன்ஹேலர் உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும். பையில் இருக்கிறது, பை மூன்றாவது மாடியில் இருக்கிறது என்றால் அது இல்லாத மாதிரிதான்.

மணலி, ஒரு அம்மா: எட்டாம் வகுப்பு மகள். பி.டி. பீரியட் என்றாலே வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

சில நாள் நிஜமாகவே வலி இருக்கும், அன்று விட்டுவிடுங்கள். எல்லா வாரமும் என்றால், யார் பார்க்கிறார்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். ஜன்னலோரம் நிற்கும் பையன்களும், நழுவும் துப்பட்டாவும்தான் பாதி வயிற்றுவலி. நான் ஆறாம் வகுப்புக்கு மேல் வால் பிடுங்கியை நிறுத்திவிடுவேன். இடுப்பில் கை வைக்கும் ஆட்டம் அந்த வயதுக்கு ஆகாது. அதற்குப் பதில் சட்டைக் கைமடிப்பில் இரண்டு துணி கிளிப். யார் அதிகம் பறிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. ஆண்கள் தனி, பெண்கள் தனி. பேன்ட், டி-ஷர்ட்டோடு வரலாமா என்று பள்ளியில் நீங்களே போய்க் கேளுங்கள், அவளைக் கேட்கவிடாதீர்கள்.

புது வண்ணாரப்பேட்டை, ஒரு அப்பா: என் பையன் லீவு நாளெல்லாம் கேரம்தான். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா உங்கள் பக்கத்துப் பெண்தான். ஒரு போர்டு முடிந்ததும், காய் அடுக்குவதற்கு முன் மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். தோற்றவன் மட்டும் இல்லை, ஜெயித்தவனும்.