58 எந்த நோட்டில் இருக்கிறது?

(மும்பை செம்பூரிலிருந்து 61 வயது வாசகி தன் சர்க்கரை நோய் பற்றி எழுதிய கடிதத்துக்கு மருத்துவர் பதில்)

அம்மா, எண் போட்டு ஒன்பது கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்பதிலும் இல்லாத ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்லப்போகிறேன். கடைசிப் பக்கத்தில் "இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன்" என்று போகிற போக்கில் ஐந்து வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு.

புரட்டாசி சனிக்கிழமை. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 168. கூடுதலாக இருக்கிறதே என்று வழக்கமான மாத்திரையோடு இன்னொரு அரை மாத்திரை. பெருமாளுக்குத் தளிகை போடும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். பதினொன்றரை மணிக்கு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது ரவிக்கை நனைய வேர்த்துக் கை நடுங்கியது. சுகர் மெஷினில் 58. நம்பாமல் வேறு விரலில் குத்தினால் 61. மூன்றாவது விரலில் 55. "மெஷின் கெட்டுவிட்டது, மூன்று ஸ்ட்ரிப் தண்டம்" என்று எடுத்து வைத்துவிட்டு வடை தட்டப் போய்விட்டீர்கள். ஹாலில் இருந்த பேத்தியைக் கூப்பிட வாயெடுத்தால் பெயர் வரவில்லை. அதை வயசுக் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள்.

வயசுக் கோளாறு இல்லை. மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. வேர்வையும் நடுக்கமும் முதல் மணி. பெயர் மறப்பதும், பேச்சு குழறுவதும், காரணமில்லாமல் எரிந்து விழுவதும் இரண்டாவது மணி. மூன்றாவது மணி அடிக்கும்போது கேட்பதற்கு உங்களுக்கு நினைவு இருக்காது. அன்றைக்கு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கே வேர்க்கிறது.

மெஷின் கெடவில்லை. மூன்று தடவையும் ஒரே சேதியைத்தான் சொல்லியிருக்கிறது. 70-க்குக் கீழே போனால் லோ சுகர், 54-க்குக் கீழே போனால் அபாயம். நல்ல மெஷின்கூட 100-க்குக் கீழே 15 புள்ளி முன்னே பின்னே காட்டலாம். அப்படியானால் உங்கள் 58 உண்மையில் 73 ஆகவும் இருந்திருக்கலாம், 43 ஆகவும் இருந்திருக்கலாம். 73 ஆக இருந்து நீங்கள் குளுக்கோஸ் கரைத்துக் குடித்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? ஒன்றுமில்லை. 43 ஆக இருந்து இன்னொரு விரலைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். லோ என்று காட்டி, உடம்பும் அதையே சொன்னால் மெஷினோடு வாதாடாதீர்கள். முதலில் குடியுங்கள்.

எதைக் குடிப்பது என்பதிலும் உங்கள் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அது நல்ல காரியம். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை. இதில் வோக்லிபோஸ், நாம் சாப்பிடும் மாவையும் சீனியையும் குடலில் சீக்கிரம் உடைய விடாமல் தடுப்பது. அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் லோ ஆகும் நேரத்தில் அதுவே குறுக்கே நிற்கும். வாயில் போட்ட சர்க்கரையும் வெல்லமும் பிஸ்கட்டும் ரத்தத்துக்கு வந்து சேர நேரமாகும். அதனால் உங்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. கெமிஸ்ட் கடையில் கிடைக்கும். மூன்று டீஸ்பூன் கோபுரமாக எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிவிட்டால் தாமதிக்காமல் சாப்பாடு. பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், தளிகைக்கு முன்னால் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு இன்னும் தாமதப்படுத்தும்.

ஏறிவிட்டது, ஆயிற்று என்று இருந்துவிடவும் கூடாது. கிளிமெபிரைடு சட்டென்று உடம்பை விட்டுப் போகிற மருந்தில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி இறக்கிவிடும். அன்றைக்கு முழுக்க இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பாருங்கள், டாக்டருக்கும் போன் போடுங்கள். நினைவு தப்பினால் வீட்டில் யாரும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள், பெயர் எழுதவில்லை. மெட்டோபிரோலால், அட்டினோலால் வகையாக இருந்தால் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும், வேர்வை மட்டும்தான் தெரியும். அப்படி இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அரை மாத்திரைக்கு வருகிறேன். மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மெஷினில் வந்த எண்ணைப் பார்த்து நாமே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது, வண்டியின் வேகத்தைப் பார்த்துவிட்டு பின் சீட்டில் இருந்து ஸ்டீரிங்கைப் பிடித்து இழுப்பது மாதிரி. அதிலும் இந்த மாத்திரையில் மெட்ஃபார்மின் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கரைவதற்கென்று செய்திருப்பார்கள். உடைத்தால் அந்த ஏற்பாடே போய்விடும். இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்காக வழக்கமான மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட வேண்டாம். அதைக் குறைப்பதா, விரத நாளில் என்ன செய்வது என்பதை இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால். கிளிமெபிரைடு காலைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டியது. மாத்திரை உண்டு, சாப்பாடு இல்லை என்றால் சர்க்கரை எங்கே போகும், கீழேதான் போகும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானால்கூட இந்த மருந்து உடம்பில் தங்கித் தங்கி இறக்கும்.

ஏன் அரை மாத்திரை போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு நோட்டு வைத்திருப்பதாக நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது டாக்டரிடம் காட்ட. டாக்டர் நோட்டில் 140-க்கு மேல் ஒரு எண்ணும் கிடையாது. "கூடக் காட்டினால் ஊசிக்கு மாற்றிவிடுவார். திருநெல்வேலியில் என் அக்காவுக்கு ஊசி ஆரம்பித்து எட்டாவது மாதம் காலை எடுத்தார்கள்." ஒன்பது கேள்வியும் இந்த ஒரு பயத்தின் பிள்ளைகள்தானே அம்மா?

அக்காவின் காலை இன்சுலின் எடுக்கவில்லை. பல வருடம் கூடுதலாகவே இருந்த சர்க்கரை காலில் உணர்ச்சியைக் கொன்று, ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். அப்புறம் செருப்பு கடித்த புண்ணே தெரியாது, தெரியும்போது சீழ் எலும்புவரை போயிருக்கும். அந்தக் கட்டத்தில் டாக்டர்கள் பெரும்பாலும் ஊசியைத்தான் கையில் எடுப்பார்கள், புண் ஆறச் சர்க்கரை இறங்க வேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு முதலில் ஊசி வந்தது, பிறகு கால் போனது. தீயணைப்பு வண்டி வந்த பிறகுதான் வீடு எரிந்து விழுந்தது, ஆகவே வண்டிதான் காரணம் என்பது போல. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு அக்காவோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். காலைப் பற்றிப் பயம் இருந்தால் அந்தப் பயத்தைக் காலிலேயே செலவழியுங்கள்: ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு இப்போது ஊசி தேவைப்படும் என்று உங்கள் நோட்டைப் பார்த்தால் எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்வது உங்களுடைய நோட்டை. வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் என்பது பொதுவான கணக்கு; வயதுக்கும் மற்ற நோய்க்கும் தக்கபடி டாக்டர் இதைத் தளர்த்துவதும் உண்டு. உங்களுடையவை கொஞ்சம் மேலே கீழே இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் மறைத்துச் சாப்பிட்ட அரை மாத்திரைகளால் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யும் அழகாக வந்திருக்கும். அதைப் பார்த்து டாக்டர் 'இதே மருந்தைத் தொடருங்கள்' என்று எழுதுவார். எந்த மருந்தை? நீங்கள் உண்மையில் சாப்பிடுவது எவ்வளவு என்றே அவருக்குத் தெரியாதே.

சரி, மற்ற கேள்விகள்.

ஒரே நேரத்தில் இரண்டு விரலில் 142-ம் 161-ம் வருவது சகஜம். 100-க்கு மேலே 15 சதவீதம்வரை வித்தியாசம் இருக்கலாம் என்பதுதான் இந்த மெஷின்களுக்கான தர அளவே. உண்மை 150 என்றால் 128-க்கும் 172-க்கும் இடையில் எது வந்தாலும் அது ஒழுங்கான மெஷின். லேப் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று மகனிடம் சண்டை போட வேண்டாம், பாவம், புனேயிலிருந்து வாங்கி அனுப்பியிருக்கிறார்.

ராத்திரி 128, ஒன்றும் சாப்பிடாமல் காலையில் 168 எப்படி என்றால், விடிகிற நேரத்தில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். நீங்கள் தூக்கத்தில் எழுந்து லட்டு தின்னவில்லை. டாக்டரைப் பார்க்கும் முன் ஒரே ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை பாருங்கள், இரவில் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

இடது மோதிர விரலில் குத்தினால் இதய நரம்பு பாதிக்கும் என்ற வாட்ஸப் செய்தியை அழித்துவிடுங்கள். வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரை, பிடித்தால் குடியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

வலிப்பது நீங்கள் விரல் நுனியின் நடுவில் குத்துவதால். பக்கவாட்டில் குத்துங்கள், அங்கே நரம்பு குறைவு. கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அரை நிமிடம் தொங்கவிட்டால் ரத்தம் தானாக வரும். பால் கறப்பது போலப் பிழியாதீர்கள். கழுவுவது ஏன் முக்கியம் என்றால், போன மே மாதம் ஒருவர் 380 என்று நடுங்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு ஓடிவந்தார். கையில் ஹாபூஸ் மாம்பழ வாசனை. கழுவிவிட்டுக் குத்தினேன், 148.

ஸ்ட்ரிப்களை டப்பாவிலிருந்து எடுத்து ஐந்தைந்தாகப் பொட்டலம் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊர் மழைக்காலத்தில் அப்பளமே நமத்துப்போகிறது, ஸ்ட்ரிப் எம்மாத்திரம்? பொட்டலங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டப்பா வாங்குங்கள். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள். ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம்.

வீட்டுக்காரரும் அதே குத்தும் பேனாவைப் பயன்படுத்துகிறார், ஊசி மட்டும் மாற்றுகிறோம் என்றீர்கள். கூடாது. பேனாவின் முனையில் ஒட்டும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, ஹெபடைடிஸ் பி பரவ அது போதும். அவருக்கு ஒரு பேனா தனியாக. போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். குப்பை பிரிக்க வருகிறவர் கையிலும் ரத்தம்தான் ஓடுகிறது.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பார்ப்பது மாத்திரையில் இருக்கும் உங்களுக்குத் தேவையே இல்லை. டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள், காலை வெறும் வயிற்றிலும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். அந்த இரண்டு மணி, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. மற்றபடி வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாள் காலை என்றால் அடுத்த தடவை மத்தியானம். வேர்த்தாலோ தலை கிறுகிறுத்தாலோ எந்த நேரமானாலும் ஒன்று. விரதம் இருந்தே தீருவேன் என்றால், டாக்டர் சம்மதித்த பிறகு, அன்றைக்குப் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கட்டாயம்.

இரண்டு நோட்டிலும் தேடிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த 58-ஐ எதிலும் குறிக்கவில்லையாம். "மெஷின் தப்புதானே." உங்கள் சொந்த நோட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு நேராக 58, 61, 55 மூன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் 'கூட அரை மாத்திரை, காலைச் சாப்பாடு இல்லை, பேத்தி பெயர் வரவில்லை' என்றும் எழுதுங்கள். மெஷினின் மெமரியில் அந்த நாளின் எண்கள் இருக்கும், நேரத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நோட்டையும் மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மற்ற நோட்டு பேத்தி படம் வரைய ஆகும்.