கொண்டை ஏன் கறுத்தது?

பதினோரு குளிர்காலமாகக் கோழியும் ஆடும் வளர்க்கிறேன் என்று போன இதழில் எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஐந்துக்கு மட்டும் இங்கே இடம்.

கேள்வி: எனக்கு இது முதல் குளிர்காலம். பன்னிரண்டு கோழி, ஒரு சேவல். இரவில் மைனஸ் 20 டிகிரி வரை போகிறது. கூட்டின் இடுக்கையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, ஹீட் லேம்ப்பும் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படியும் சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. இன்னும் எதை அடைப்பது?

பதில்: எதையும் அடைக்க வேண்டாம். அடைத்ததைப் பிரியுங்கள்.

முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். பழைய போர்வை, தெர்மாகோல், பிளாஸ்டிக் தாள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்து வைத்தேன். காலையில் கதவைத் திறந்தால் வெதுவெதுவென்று ஓர் ஆவி முகத்தில் அடிக்கும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாலாம் நாள் பார்த்தால், ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருக்கிறது, கூரைப் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சேவலின் கொண்டையில் மூன்று முனை கறுப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் குடிக்கும். உங்கள் பதின்மூன்றுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று லிட்டர். முட்டைக்குப் போவது போக மிச்சமெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வந்தாக வேண்டும். கடுங்குளிரில் கோழிகள் கூட்டை விட்டு வெளியே போவதும் இல்லை. அத்தனை ஈரமும் போக வழியில்லாமல் இறகு மூடாத இடத்தில், அதாவது கொண்டையிலும் தாடியிலும், படிகிறது. காய்ந்த காற்றில் ஓரளவு தாக்குப்பிடிக்கிற கொண்டை, ஈரத்தோடு இருந்தால் லேசான குளிரிலேயே உறைந்துவிடும். மற்றபடி கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரி. உப்பிய இறகுக்குள் அது நம்மைவிடச் சௌகரியமாகவே இருக்கிறது.

கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு விடுங்கள். கோழி அடைகிற கட்டையைவிட அது உயரத்தில் இருக்க வேண்டும். காற்று தலைக்கு மேலே போகலாம், உடம்பில் அடிக்கக் கூடாது. கட்டையின் உயரத்தில் ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள், ஆடினால் அந்த இடத்தை மட்டும் மறையுங்கள். திறப்புக்கு அரை அங்குலக் கம்பிவலை கட்டாயம். எலி நுழைகிற ஓட்டையில் புகுந்து ஒரே ராத்திரியில் கூட்டையே காலி செய்கிற பிராணிகள் உண்டு. விடிகாலையில் உள்ளே குந்தி உட்கார்ந்து, கோழியின் மூக்கு இருக்கிற உயரத்தில் மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் இன்னும் திறப்பு போதவில்லை. கீழே மரச்சீவல் அரை அடி உயரத்துக்காவது இருக்கட்டும். ஈரமான இடத்தைக் கிளறிவிட்டு மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். முழுதாக வாரிக் கொட்டுவது பனி போன பிறகுதான்.

அடைகிற கட்டை உருண்டையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நாலு அங்குல அகலப் பலகையைத் தட்டையாக வைத்தால், கோழி தன் விரல்களின் மேலேயே உட்கார்ந்து வயிற்று இறகால் மூடிக்கொள்ளும்.

ஹீட் லேம்ப்பை இன்றைக்கே கழற்றுங்கள். இரண்டாம் வருடம் என் லேம்ப்பின் கிளிப் தளர்ந்து மரச்சீவலில் விழுந்தது. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் புகை வாடை பட்டுத் திரும்பிப் பார்த்ததால் தப்பித்தோம். தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். ஆனால் அந்த வட்டம் இன்னும் கனவில் வருகிறது.

சேவலின் கொண்டையைத் தேய்க்காதீர்கள், வெட்டாதீர்கள். கறுத்தது காய்ந்து தானே உதிரும். வீங்கினாலோ நீர் வடிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொண்டையில் வாஸ்லின் தடவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தடவலாம், ஆனால் அதை நம்பி ஜன்னலை மூடாதீர்கள்.

அடுத்த தடவை குஞ்சு வாங்கும்போது கொண்டையைப் பார்த்து வாங்குங்கள். வயாண்டாட் கோழிக்குக் கொண்டை தலையோடு படிந்து தட்டையாக இருக்கும். சாண்டெக்லர் என்று ஒன்று உண்டு. கனடாவின் கியூபெக்கில், ஓகா மடத்தில் இருந்த வில்ஃப்ரிட் சாட்லன் என்ற துறவி 1908-இல் தொடங்கி, பத்து வருடம் போல இனக்கலப்பு செய்து உருவாக்கியது. கொண்டையும் தாடியும் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். உறைவதற்கு ஒன்றுமே இல்லாத கோழி வேண்டும் என்று ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், பாருங்கள்.

கேள்வி: குளிர் தொடங்கியதும் முட்டை அடியோடு நின்றுவிட்டது. தீவனத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: தீவனம் பாவம், அதை விடுங்கள். குளிர்கூடக் காரணமில்லை, பகல் சுருங்கியதுதான் காரணம். தொடர்ந்து முட்டையிடக் கோழிக்கு நாளுக்குப் பதினான்கு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். இறகு உதிர்க்கிற பருவமும் இதை ஒட்டியே வருவதால் சத்தெல்லாம் புது இறகுக்குப் போகும். டைமரோடு சின்ன பல்ப் போடலாம். போடுவதானால் விடிவதற்கு முன்னால் எரியும்படி வையுங்கள்; சாயங்காலம் எரிந்து திடீரென்று அணைந்தால் கோழிகள் இருட்டில் கட்டையில் ஏறத் தெரியாமல் தரையிலேயே நின்றுவிடும். நான் பல்ப் போடுவதில்லை. வருடம் பூராவும் உழைத்தவை இரண்டு மாதம் சும்மா இருக்கட்டுமே.

கேள்வி: வாளியில் வைத்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடுகிறது. ஆடுகள் பனியைத் தின்று சமாளித்துக்கொள்ளாதா?

பதில்: பால் கறக்கிற ஆட்டை அப்படி விடாதீர்கள், பால் உடனே குறையும். கிடாய்க்கு, அதிலும் காயடித்ததற்கு, தண்ணீர் குறைந்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துச் செத்தேபோகலாம். வெள்ளாடு ஜில்லென்ற தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வெதுவெதுப்பாகக் கொடுங்கள், வாளி காலியாகும்.

பிளாஸ்டிக் வாளி இரண்டே வாரத்தில் விரிசல் விடும். கறுப்பு ரப்பர் தொட்டி இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வையுங்கள். உறைந்ததைக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி அப்படியே கழன்று விழும். என் வாசலில் குளிர்காலம் முடிவதற்குள் தொட்டி வடிவத்திலேயே பனிக்கட்டிகள் ஒரு சுவர் போல அடுக்கியிருக்கும். கோழிக்கு ராத்திரி தண்ணீரே வேண்டாம். இருட்டினால் குடிக்காது, வீணாகக் கூட்டில் ஈரம்தான் சேரும். விடிந்ததும் மறக்காமல் வையுங்கள்.

கேள்வி: என் ஆடு நடுக்குளிர்காலத்தில் குட்டி போடப்போகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நல்லது, ராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடாயை எப்போது சேர்க்கிறோமோ அதுதான் குட்டியின் விதி. நான் இப்போதெல்லாம் குளிர் இறுகத் தொடங்கிய பிறகே சேர்க்கிறேன், குட்டி வசந்தத்தில் விழும்.

இந்த வருடத்துக்கு: காய்ந்த துண்டு நிறைய வேண்டும், நாலு போதாது. குட்டி விழுந்ததும் தாய் நக்கட்டும், நீங்களும் கூடவே துடையுங்கள். காதையும் வாலையும் மறந்துவிடாதீர்கள். ஈரக் காதுதான் முதலில் உறைவது. என் கறுப்பு ஆட்டின் ஒரு காது பாதிதான் இருக்கும், நான் பத்து நிமிஷம் பிந்திப் போனதன் அடையாளம் அது. முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு.

துவண்டு கிடக்கிறதா, வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் சில்லென்று இருந்தால் பாலை ஊற்றாதீர்கள்! விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும், வயிற்றுக்குப் போனாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியில் அதன் பக்கத்தில் படுக்க வைத்து, சூடு ஏறி, தலையைத் தானே தூக்கிய பிறகு பால். கையில் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. சாதாரணச் சூடு 39 டிகிரி ஒட்டி இருக்கும். தாய்க்குச் சாயங்காலம் ஒரு கட்டுக் காய்ந்த புல்லை அதிகமாகப் போடுங்கள். ராத்திரியெல்லாம் வயிற்றில் அது நொதிப்பதுதான் அதற்கு அடுப்பு.

கேள்வி: உறைந்து வெடித்த முட்டையை என்ன செய்வது? கூடவே, கோழிக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன், போடலாமா?

பதில்: ஓடு வெடித்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. நன்றாக வேகவைத்து, ஓட்டோடு நசுக்கிக் கோழிகளுக்கே போடுகிறேன், அடித்துக்கொண்டு தின்னும். ஸ்வெட்டர் இறகை அமுக்கிவிடும், உப்ப முடியாத இறகில் சூடு நிற்காது. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சைஸ் சரியாக இருந்தால்.