விண்டோஸ் சர்வர் 2016-லிருந்து மாறுவது: கேள்வி பதில்

விண்டோஸ் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச்களை வெளியிடுவது, 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு முடிகிறது. சின்ன அலுவலகம், மில், பள்ளி, மருத்துவமனை என்று பல இடங்களில் தனி ஆளாக சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றை இங்கே தொகுத்துப் பதில் சொல்கிறேன். 2003-லிருந்து 2008, அதிலிருந்து 2012, பிறகு 2019 என்று பல மாற்றங்களைச் செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், அந்தத் தேதிக்கு அப்புறம் சர்வர் நின்றுவிடுமா? "ஓடுற வண்டியை எதுக்குத் தொடணும்" என்கிறார் எங்கள் முதலாளி.

நிற்காது. 13-ஆம் தேதி காலையிலும் எல்லோரும் வழக்கம்போல் லாகின் செய்வார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் முதலாளிகளுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். 2016, 2019, 2022 எல்லாவற்றிலும் உள்ளே ஓடும் நிரலில் பெரும்பகுதி பொதுவானது. 2022-ல் ஒரு ஓட்டையை அடைத்து பேட்ச் வெளியிடும்போது, அதே ஓட்டை 2016-லும் இருக்க வாய்ப்பு அதிகம். பேட்ச்சைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வழிகாட்டிப் பலகை மாதிரி. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் பரவியபோது இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதிகம் அடிபட்டவை, அதைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். பேட்ச் இருந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், பேட்ச்சே வராத சர்வரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: டிவிடி போட்டு அப்படியே மேலே அப்கிரேட் செய்துவிடலாமா? இல்லை, புதிதாக நிறுவ வேண்டுமா?

முடியுமா என்றால் முடியும். 2016-லிருந்து 2022-க்கு நேரடியாகப் போகலாம். 2025-க்கும் போகலாம், அது 2012 ஆர்2-விலிருந்தே ஏற்றுக்கொள்ளும். ஆனால் பத்து வருடக் குப்பையும் சேர்ந்து வரும்: எப்போதோ போட்ட ஆன்டிவைரஸின் மிச்சம், யாரும் பயன்படுத்தாத சர்வீஸ்கள், பழைய டிரைவர்கள். ஒரே ஒரு மென்பொருள் ஓடும் விர்ச்சுவல் மெஷின் (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்றால், அதன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துக்கொண்டு மேலேயே அப்கிரேட் செய்வேன். மற்றதற்கெல்லாம் பக்கத்தில் புதிதாக ஒன்றை நிறுவி மாற்றுவதே என் வழக்கம். பழையது அப்படியே இருப்பதால், இரவு இரண்டு மணிக்கு ஏதாவது கோளாறு என்றாலும் திரும்பிப் போக வழி இருக்கும்.

கேள்வி: அலுவலகக் கணினிகள் எல்லாவற்றின் லாகினையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ், கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி எல்லாம் அதுதான். கை வைக்கவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலரோடு இத்தனை நாள் ஓட்டியதுதான் இதில் பெரிய அபாயம். ஆகவே இந்த மாற்றத்தை இரண்டு புதிய கன்ட்ரோலர் ஆக்கும் வாய்ப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

டொமைன் கன்ட்ரோலரை மேலேயே அப்கிரேட் செய்யாதீர்கள். புதிய சர்வரை டொமைனில் சேர்த்து, அதையும் கன்ட்ரோலர் ஆக்குங்கள். இங்கே பலர் தடுக்கி விழுவது ஒரு பழைய விஷயத்தில். உங்கள் டொமைன் 2003 காலத்தில் பிறந்தது என்றால், கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பகிரும் விதிகளும் ஸ்கிரிப்ட்களும் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டர் இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறையிலேயே பிரதி எடுத்துக்கொண்டிருக்கலாம். 2019-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் அது ஆகாது. முதலில் டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கென்றே டிஎஃப்எஸ்ஆர்மிக் என்ற கட்டளை இருக்கிறது. படிப்படியாகப் போகும், கடைசிப் படியைத் தாண்டினால் திரும்ப முடியாது. ஒவ்வொரு படியிலும் எல்லா கன்ட்ரோலரும் அந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 2025 போடுவதாக இருந்தால் டொமைன் எந்தப் பதிப்பின் வசதிகளோடு ஓடுகிறது என்பதைக் காட்டும் ஃபங்ஷனல் லெவல் 2016-ஆக இருக்க வேண்டும் என்பதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே கன்ட்ரோலர் மட்டும் செய்யக்கூடிய பொறுப்புகளான ஐந்து எஃப்எஸ்எம்ஓ ரோல்களையும் புதியதற்கு மாற்றுங்கள். மாற்றியதும் நேரத்தைக் கவனியுங்கள். டொமைன் முழுவதும் நேரம் வாங்குவது அந்த ஐந்தில் ஒன்றான பிடிசி எமுலேட்டர் ரோல் இருக்கும் சர்வரிடமிருந்துதான். புதிய சர்வருக்கு வெளி டைம் சர்வரைக் காட்டாமல் விட்டால் கடிகாரம் மெல்ல விலகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்த கணினிகளில் லாகின் தகராறு ஆரம்பிக்கும்.

கடைசியாக ஐபி முகவரி. பிரின்டர், சிசிடிவி, பயோமெட்ரிக் கருவி என்று எத்தனையோ பொருள்களில் பழைய கன்ட்ரோலரின் ஐபியே டிஎன்எஸ் முகவரி என்று கையால் அடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தேடி மாற்றுவதைவிட, பழையதைக் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து முறையாக நீக்கி (டிமோட் செய்து), அதன் ஐபியை எடுத்துப் புதியதற்குக் கொடுப்பது சுலபம்.

கேள்வி: பில்லிங் மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் 2016 என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

ஆமாம். அதற்கான தேதி இன்னும் முந்தியது: 2026 ஜூலை 14. பேக்கப் எடுத்துப் புதிய எஸ்க்யூஎல் சர்வர் 2022-ல் ரீஸ்டோர் செய்வது ஒரு மணி நேர வேலை. மறப்பது மற்றவற்றை. லாகின்கள் மாஸ்டர் டேட்டாபேஸில் இருக்கின்றன, இரவில் ஓடும் ஜாப்கள் எம்எஸ்டிபி என்ற இன்னொரு டேட்டாபேஸில் இருக்கின்றன. உங்கள் பில்லிங் டேட்டாபேஸை மட்டும் கொண்டுபோனால் இவை வராது.

ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸ் பழைய கம்பாட்டிபிலிட்டி லெவலிலேயே, அதாவது 2016-ஐப்போலவே நடந்துகொள்ளச் சொல்லும் 130-லேயே இருக்கும். அவசரப்பட்டு 2022-க்கான 160 ஆக்காதீர்கள். டேட்டாபேஸிடம் கேட்கும் குவரிகளைப் பதிவுசெய்யும் குவரி ஸ்டோரை ஆன் செய்து இரண்டு வாரம் ஓடவிட்டு, எந்தக் குவரி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பதிவானபின் மாற்றுங்கள். ஏதாவது மெதுவானால் எது என்று கையோடு தெரியும். இன்னொன்று: 2022-ல் எடுத்த பேக்கப்பை 2016-ல் ஏற்ற முடியாது, லெவல் 130-ஆக இருந்தாலும். புதியதில் முதல் பில் போட்டபின் பின்வாங்குவது மிகக் கடினம். அதனால் கடை மூடியபின் மாற்றி, திறப்பதற்குள் சோதித்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: சர்வர் லைசென்ஸ் வாங்கிவிட்டோம். சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் கால் (CAL) லைசென்ஸ், 2016-க்கு வாங்கியது போதும்தானே?

போதாது. 2016-க்கு வாங்கிய கால், 2022-க்கோ 2025-க்கோ செல்லாது. புதிய பதிப்புக்கும் உரிமை தரும் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் இருந்தால் தவிர, புதிதாகத்தான் வாங்க வேண்டும். நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் இது சர்வர் லைசென்ஸைவிடப் பெரிய தொகையாகிவிடும். பட்ஜெட் கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். ஸ்டாண்டர்ட் பதிப்பில் சர்வரின் பிராசஸர் கோர்கள் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருந்தால் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். டொமைன் கன்ட்ரோலரையும் ஃபைல் சர்வரையும் பிரித்து வைக்க அதுவே போதும்.

கேள்வி: புது சர்வருக்கு ஸ்கேன் போகவில்லை. ஜெராக்ஸ் மெஷின் பழசு.

அது கோப்பு பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1 மட்டுமே பேசத் தெரிந்த மெஷினாக இருக்கும். 2019 முதல் சர்வரில் எஸ்எம்பி1 தானாக வராது. தயவுசெய்து அதை ஆன் செய்யாதீர்கள். வான்னாகிரை நுழைந்ததே அந்தக் கதவு வழியாகத்தான். மெஷினுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

கேள்வி: எங்களுடையது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7. இதே வழிதானா?

உங்களுக்கு நேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது: 2024 ஜூன் 30. ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸில் புதிதாக நிறுவி, தரவை மட்டும் கொண்டுபோங்கள். சென்ட்ஓஎஸ் 7-ஓடு வந்த பழைய பிஹெச்பி 5.4 மொழியில் எழுதிய இணையதளம் என்றால் வேலை சர்வரில் இல்லை, நிரலில். அதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாற்றியாயிற்று. பழைய சர்வரை எப்போது அழிக்கலாம்?

இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்தில் ஃபைல் சர்வரை மாற்றினேன். ஒரு வாரம் எந்தப் புகாரும் இல்லை. பழைய டிஸ்க்குகளை அழித்துவிட்டேன். மாதக் கடைசியில்தான் தெரிந்தது, வங்கிக்கு அனுப்பும் சம்பளக் கோப்பை உருவாக்கிக்கொண்டிருந்தது அந்த சர்வரில் இருந்த குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் என்று. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் எழுதியது. யாருடைய பட்டியலிலும் அது இல்லை. முந்நூறு பேருக்குச் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனது. அதில் பலர் வீட்டு வாடகை கொடுக்க வேண்டிய நாள் அது. இன்றும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அதிலிருந்து, மாற்றத்துக்கு முன்பே பழைய சர்வரின் டாஸ்க் ஷெட்யூலரை வரிக்கு வரி படிக்கிறேன். யார் யார் வந்து இணைகிறார்கள் என்று குறைந்தது ஒரு மாதம் பதிவெடுக்கிறேன். கணக்குப் பிரிவிலும் ஸ்டோரிலும் உட்கார்ந்து, மாதக் கடைசியில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். மாற்றியபின் பழையதை அழிக்காமல் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவி வைக்கிறேன். ஒரு மாதக் கடைசியும் ஒரு காலாண்டுக் கணக்கு முடிப்பும் அப்படியே கடக்க வேண்டும். அதற்குள் யாரும் தேடி வரவில்லை என்றால், முழு பேக்கப் ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு டிஸ்க்கை அழியுங்கள்.