ஐந்து பெடலுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டி தேவையா?

கேள்வி: அண்ணா, நான் நாகர்கோவில் பக்கம். சர்ச் குவயரில் கிட்டார் வாசிக்கிறேன், கல்யாண வரவேற்புகளுக்கும் போவதுண்டு. போர்டில் ஐந்து பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டிகள். பாஸ் கம்பெனியின் டி.யூ.-3 டியூனர், ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர், பாஸ் டி.எஸ்.-1 டிஸ்டார்ஷன், பாஸ் டி.டி.-8 டிலே, கடைசியில் ஜூம் எம்.எஸ்.-50ஜி மல்டி எஃபெக்ட். எல்லாம் ஒரே 9 வோல்ட் 500 மில்லி ஆம்ப் அடாப்டரில், ஒரே வயர் ஐந்தாகக் கிளை பிரியும் டெய்சி செயினில் ஓடுகிறது. டிஸ்டார்ஷனை மிதித்தால் போதும், காதுக்குள் கொசு புகுந்த மாதிரி 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். கடையில் கேட்டால் ஐசொலேட்டட் சப்ளைதான் (ஒவ்வொரு பெடலுக்கும் பிரித்துத் தனித்தனியாகக் கரண்ட் தரும் பெட்டி) ஒரே வழி என்று பதினைந்தாயிரத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். ஆன்லைனில் பத்து அவுட்புட் பெட்டி மூவாயிரத்துக்குள் கிடைக்கிறது, அதிலும் ஐசொலேட்டட் என்றுதான் எழுதியிருக்கிறது. எதை வாங்க?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் ஒரு துண்டுத் தாளில் ஒவ்வொரு பெடலும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எழுதுங்கள். கடைக்காரர் முதலில் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும், ஆனால் கேட்டால் விற்க முடியாதே. டியூனர் 30 மில்லி ஆம்ப், வெயிலில் தெரிய வேண்டும் என்று அதன் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் 85. டியூப் ஸ்க்ரீமரும் டி.எஸ்.-1-உம் உள்ளே கம்ப்யூட்டர் சிப் இல்லாத அனலாக் பெடல்கள், ஆளுக்குப் பத்து என்று வைத்தாலே தாராளம். டி.டி.-8-க்கு 65. ஜூம் ஒன்றே 200 இழுக்கும். எல்லாம் சேர்த்து 370. உங்கள் அடாப்டர் 500 தரும் என்றால் அது மூச்சு வாங்கவில்லை, நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே குறை கரண்டில் இல்லை.

பிறகு சத்தம் எங்கிருந்து வருகிறது? ஜூம், டி.டி.-8 மாதிரி டிஜிட்டல் பெடலுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது கரண்டைச் சீராகக் குடிக்காது, நொடிக்குப் பல ஆயிரம் தடவை மடக் மடக்கென்று குடிக்கும். டெய்சி செயினில் ஐந்து பெடலுக்கும் நெகட்டிவ் கம்பி ஒன்றுதான், கிட்டார் கேபிளின் வெளிச்சுற்றும் அதோடுதான் போய்ச் சேருகிறது, அதனால் அந்த மடக் மடக் அப்படியே சிக்னலில் ஏறிவிடுகிறது. சாதாரணமாக அது காதில் விழாத அளவுதான். டி.எஸ்.-1 சின்னதைப் பெரிதாக்கும் பெடல் இல்லையா, கொசுவையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது.

இதைக் கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் ஜூம் பெடல் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றியதாக இருந்தாலும் சரி, புதிதாக இருந்தால் நல்லது. பேட்டரியைப் போட்டு, ஜூமிலிருந்து டெய்சி செயின் முனையைப் பிடுங்கிவிட்டு (கிட்டார் கேபிள்கள் அப்படியே இருக்கட்டும்) டிஸ்டார்ஷனை மிதியுங்கள். கொசு போய்விட்டதா? அப்படியென்றால் நீங்கள் வாங்க வேண்டியது ஜூமுக்கென்று தனியாக ஒரே ஒரு 9 வோல்ட் அடாப்டர், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியே ஏ.டி.-16 என்ற பெயரில் 500 மில்லி ஆம்பில் விற்கிறது. மற்ற நான்கும் பழைய அடாப்டரிலேயே இருக்கட்டும். பாதிதான் குறைந்தது என்றால் டி.டி.-8-க்கும் ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள், அதுவும் பேட்டரியில் ஓடக்கூடியதுதான். அதிகபட்சம் இரண்டு அடாப்டர் கூடும். போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பைக் பஸ்டரை ஒட்டிக்கொண்டால் மேடையில் ஒரே ஒரு வயர்தான் வெளியே வரும்.

விலை உயர்ந்த ஐசொலேட்டட் பெட்டி ஏமாற்று வேலை என்று நான் சொல்லவரவில்லை. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனி நெகட்டிவ் என்பதுதான் அதன் விசேஷம், அதாவது ஐந்து வீட்டுக்கு ஐந்து கிணறு. டிஜிட்டல் பெடல் மூன்று நான்கு என்று பெருகும்போது, அல்லது ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை மாதிரி ஒன்றே 300 மில்லி ஆம்ப் கேட்கிற பெடலை வாங்கும்போது அது தேவைப்படும். அப்போது எத்தனை அவுட்புட் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொரு அவுட்புட்டும் எவ்வளவு தரும் என்று பாருங்கள். பத்து ஓட்டை இருந்து பத்திலும் 100 மில்லி ஆம்ப் என்றால் உங்கள் ஜூமையே அது ஓட்டாது. ஸ்ட்ரைமன் ஜூமா என்ற சப்ளையில் ஒன்பது அவுட்புட், ஒவ்வொன்றும் 500. சியோக்ஸ் டி.சி.7-இல் ஏழு, 9 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 660. காசு இருந்தால் இந்த ரகம்தான். இல்லாவிட்டால் தனி அடாப்டர். நடுவில் இருக்கிற மூவாயிரம் ரூபாய் ரகத்தின் கதை அடுத்த பதிலில்.

கேள்வி: அந்த மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன் சார். இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஐசொலேட்டட் என்று எழுதியது பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை)

பதில்: நானும் வாங்கினேன், பெயர் எதற்கு. எட்டு அவுட்புட், நீல நிற விளக்குகள், பார்க்க அழகாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் எட்டும் ஒரே செப்புப் பட்டையில் போய்ச் சேருகிறது. டெய்சி செயினை ஒரு டப்பாவுக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள்.

நீங்கள் பிரிக்க வேண்டாம், பிரித்தால் வாரண்டி போகும். ஒரு மல்டிமீட்டர் போதும், இல்லையென்றால் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், பெடல் வயர்கள் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். மீட்டரை 'பீப்' அடிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஏதாவது இரண்டு அவுட்புட்களின் நடுவில் நிற்கும் ஊசிகளைத் தொடுங்கள். பெடல் உலகத்தில் நடு ஊசிதான் நெகட்டிவ். பீப் அடித்தால் இரண்டுக்கும் நெகட்டிவ் ஒன்றே, ஐசொலேட்டட் இல்லை. சும்மா இருந்தால் நல்லது. அடுத்தடுத்த ஓட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், எல்லா ஜோடியையும் பாருங்கள், சிலவற்றில் ஒன்றிரண்டு மட்டும் தனியாக இருக்கும்.

பீப் அடிப்பதை போனில் வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தில் ஐசொலேட்டட் என்று எழுதியிருப்பதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து விற்ற தளத்துக்கு அனுப்புங்கள். 'சத்தம் வருகிறது' என்று எழுதினால் உங்கள் கிட்டாரில் குறை என்பார்கள். 'சொன்ன பொருள் வரவில்லை' என்று எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. மூவாயிரத்துக்காக அங்கே போவதா என்றால் அது உங்கள் கோபத்தைப் பொறுத்தது. என்னுடைய பெட்டியை நான் திருப்பி அனுப்பவில்லை, சோம்பல், இப்போது அது தம்பியின் அனலாக் பெடல்களை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். வீட்டில் சுத்தமாக இருக்கிற போர்டு சில மண்டபங்களில் மட்டும் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. நல்ல பவர் சப்ளை வாங்கினால் போய்விடுமா? (திருச்சி)

பதில்: போகாது என்றே நினைக்கிறேன். கொசுச் சத்தம் வேறு, உறுமல் வேறு. உறுமும்போது கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, இன்னொரு பக்கம் குறைந்தால் அது உங்கள் பிக்கப் (கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள்) காற்றில் பிடிப்பது. சிங்கிள் காயில் பிக்கப் என்றால் மேடை சீரியல் பல்ப், டிம்மர் எல்லாவற்றையும் பிடித்து வந்துவிடும். அதற்கு எந்தப் பெட்டியும் மருந்தில்லை, தள்ளி நின்றால் குறையும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே அளவு என்றால் எர்த் சமாச்சாரம். ஆம்ப் ஒரு பிளக்கில், போர்டு மேடையின் மறுகோடியில் இன்னொரு பிளக்கில் இருக்கும். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும். ஒன்று மட்டும் கேளுங்கள். உறுமல் நிற்கிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்களையும், மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றிச் சொருகுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நிற்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு ஆம்பில் எங்காவது லீக் ஆனால் கரண்ட் போக உங்கள் கை வழியே, உதடு தொடுகிற மைக் வழியேதான் பாதை. ஜெனரேட்டரில் ஓடுகிற மண்டபத்தில் எர்த்தே இருக்கிறதா என்பது வேறு கேள்வி, வாசிக்கும் முன் டெஸ்டரால் ஆம்பின் உலோகப் பகுதியைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்யும்வரை கிட்டாரைத் தொட வேண்டாம்.

கேள்வி: அவசரத்துக்கு சர்ச் கீபோர்டின் யமஹா அடாப்டரைப் பெடலில் சொருகினேன், முனை சரியாகப் பொருந்தியது. விளக்கு எரியவில்லை. இப்போது சரியான அடாப்டரிலும் எரியவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: பொருந்தியதுதான் வினையே. கீபோர்டு அடாப்டர் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். பெடலுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். இரண்டு தப்பும் ஒரே நேரத்தில். வைஃபை ரவுட்டர் அடாப்டரிலும் இதே கதைதான், முனை அதே அளவில்தான் வருகிறது.

தூக்கிப் போடாதீர்கள். பல பெடல்களில் வாசலிலேயே ஒரு டையோடு காவலுக்கு இருக்கும். திருப்பிச் சொருகினால் அது தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். அப்படிச் செத்த டையோடு ஷார்ட்டாகிக் கிடப்பதால்தான் சரியான அடாப்டரிலும் விளக்கு எரியாது. டிவி, ஆம்ப்ளிஃபையர் பார்க்கிற மெக்கானிக்கிடம் 'பவர் ஜாக் பக்கத்து டையோடைப் பாருங்கள்' என்று கொடுங்கள், பொருளின் விலை சில ரூபாய், மீதி கூலி. ஐசி போயிருந்தால் வேறு கணக்கு.

இனிமேல் சொருகும் முன் லேபிளில் மூன்றைப் பாருங்கள். வோல்ட் பெடல் கேட்கிற அதே அளவு. பொலாரிட்டி படத்தில் நடுப்புள்ளி மைனஸ் பக்கம். மில்லி ஆம்ப் மட்டும் எவ்வளவு கூட இருந்தாலும் பரவாயில்லை, பெடல் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். 'ரெண்டு ஆம்ப் அடாப்டர் பெடலை எரிச்சிடும்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பழைய பெடலை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லைன் 6-இன் பழைய பச்சை டி.எல்.4, டிஜிடெக் வாமியின் நான்காம் பதிப்பு போன்றவற்றுக்கு 9 வோல்ட் ஏசி என்று எழுதியிருக்கும், டிசி இல்லை. கூட வந்த அடாப்டர் இல்லாமல் கொடுத்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கேயே பவர் சப்ளை வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: இன்புட் என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் தாராளமாக. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் வேண்டாம், ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான சில பெட்டிகள் அப்படித்தான் வருகின்றன, நம் 230-இல் சொருகினால் கருகிய வாசனைதான் மிச்சம். பிளக் கன்வர்ட்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இங்கேயே அடாப்டர் வாங்குவதென்றால் பிஐஎஸ் முத்திரையும் அதனுடன் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கரண்ட் இல்லாத இடங்களில் வாசிக்க பவர் பேங்க் போதுமா?

பதில்: போதும். 5 வோல்ட்டை 9 ஆக ஏற்றும் யுஎஸ்பி கேபிள் தனியாகக் கிடைக்கிறது. பெடல்கள் 500 மில்லி ஆம்ப் எடுத்தால் பவர் பேங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு ஆம்ப் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொல்லை உண்டு. மலிவான கேபிள் தானே கொசுச் சத்தம் போடும். அப்புறம், ஒரே ஒரு டிஸ்டார்ஷன் பெடலை மட்டும் மாட்டினால் 'போன் சார்ஜ் ஆகிவிட்டது போல' என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் பாட்டின் நடுவில் அணைந்துவிடும், பத்து மில்லி ஆம்பெல்லாம் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஒரு அனலாக் பெடல் என்றால் 9 வோல்ட் பேட்டரியே போதும், பல நாள் வரும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை உருவி வைக்க மறக்காதீர்கள், கேபிள் சொருகியிருக்கிறவரை பெடல் ஆனில்தான் இருக்கிறது.