கத்திரி வெயிலில் பால் பைத்தான்: ஈரச் சாக்கைத் தொட்டியிலிருந்து எடுத்து ஜன்னலில் கட்டுங்கள்

கேள்வி: அரவக்குறிச்சி பக்கம் முருங்கை விவசாயம் செய்கிறேன். என் மகள் முறைப்படி பதிவு செய்து பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்த்து வந்தாள். இப்போது அவள் படிப்புக்காக வெளியூர் சென்றுவிட்டதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாடி அறையில் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. சென்ற வாரம் மதியம் மூன்று மணிக்குத் தொட்டிக்குள் வெப்பமானி 37 டிகிரி காட்டியது. பாம்பு பகல் முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. பத்து நாளாக இரை எடுக்கவில்லை. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு போர்த்தினேன், மின்விசிறியைத் தொட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தேன், உள்ளே ஐஸ் கட்டியும் போட்டேன். சூடு குறைந்ததாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: இதைப் படித்ததும் முதல் வேலையாகத் தொட்டியை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். பால் பைத்தானுக்கு 34, 35 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. 37 டிகிரியில் பல மணி நேரம் ஒதுங்க வழியின்றி அடைபட்டால் உயிரே போகலாம். தார்சு கூரை பகல் முழுவதும் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் நீங்கள் எதைச் செய்தாலும் பாதிதான் பலிக்கும். கீழ்த்தளத்தில் வடக்குப் பக்கத்து அறையோ, பழைய ஓட்டு வீட்டின் மண்சுவர் அறையோ இருந்தால் அதுதான் சரியான இடம். தொட்டியை மேசை மேல் வைக்காமல் தரைக்கு அருகிலேயே வையுங்கள். ஜன்னல் வெயில் ஒரு கீற்றுகூடக் கண்ணாடியில் விழக் கூடாது. காலை வெயில் இளவெயில்தானே என்று ஒரு குடும்பம் கிழக்கு ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பாம்பு இறந்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தபோது செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது.

அடுத்து, தொட்டிக்கு அடியில் வெப்பத்தட்டோ மேலே சூட்டு விளக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போது கடைக்காரர் சொன்னபடியே பலர் அதைச் சித்திரையிலும் எரியவிடுகிறார்கள். உங்கள் ஊர் வெயில் இருக்கும்வரை அது வேண்டாம், பிடுங்கி வையுங்கள். இரவில் 24 டிகிரிக்குக் கீழே போகும் காலம் வந்தால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் செய்தவை ஏன் பலிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். நமக்கு வியர்க்கிறது; காற்று பட்டதும் வியர்வை ஆவியாகி உடல் குளிர்கிறது. உங்கள் கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைத்துச் சூட்டைத் தள்ளுகின்றன. பாம்புக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. 37 டிகிரி காற்றை மின்விசிறி கொண்டு அதன் மேல் வீசினால் சூடான காற்றைத்தான் ஊதுகிறோம். பாம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முக்கிய வழி, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நகர்வதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் இந்த இனம் பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் போய்ப் படுத்துக்கொள்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் வளைக்குள் குளிர்ச்சி இருக்கும். உங்கள் தொட்டியில் அந்த வளை இல்லை. எங்கே திரும்பினாலும் ஒரே சூடு. அதனால்தான் இருக்கும் இடத்திலேயே குளிர்ந்ததாகத் தெரிந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுத்திருக்கிறது.

ஈரச் சாக்கு நல்ல பொருள்தான், போட்ட இடம்தான் தவறு. கண்ணாடியைச் சுற்றிப் போர்த்தும்போது காற்றோட்டம் அடைபடுகிறது. உள்ளே புழுக்கம் ஏறுகிறது. சூடும் ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் பாம்புக்கு நுரையீரல் தொற்று வரும், வயிற்றுச் செதில்களில் அழுகல் வரும். அந்தச் சாக்கை எடுத்து அறை ஜன்னலில் கட்டி, மேலே ஒரு குடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நனையவிடுங்கள்; எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். மின்விசிறியைத் தொட்டியைப் பார்த்து வைக்காமல் அறைக் காற்றை வெளியே தள்ளும்படி திருப்புங்கள். கரூர், அரவக்குறிச்சி பக்கம் கோடைக் காற்று வறண்டது. ஈரம் வேகமாக ஆவியாகி அறையே குளிரும். நாகப்பட்டினத்தில் இருந்து ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் சாக்கு காயாது, அறையும் குளிராது. மாடி தார்சின் மேல் சுண்ணாம்பு இரண்டு முறை பூசினாலும், தென்னங்கீற்று பரப்பினாலும் வீடு முழுவதற்கும் பயன் உண்டு.

இனி வளையைச் செய்து கொடுப்போம். எனக்கு இதில் மிகவும் நம்பிக்கை தருவது மண்பானை. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது. விஷம் எடுப்பதற்காகப் பிடித்துவரும் நாகத்தையும் கண்ணாடி விரியனையும் அவர்கள் சில வாரங்கள் வைத்திருந்து மறுபடி காட்டில் விடுவது வரை மண்பானையில்தான் வைக்கிறார்கள். அடியில் மணல், வாயில் பருத்தித் துணிக் கட்டு. அரசு உரிமத்தோடு, தலைமுறை அறிவோடு நடக்கும் வேலை அது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பானையை மட்டும்தான். சுட்ட மண்ணில் நீர் கசிந்து ஆவியாவதால் உட்புறம் குளிர்ந்திருக்கும். குடிதண்ணீர்ப் பானையில் தினமும் நீங்கள் பார்ப்பதுதான்.

குயவரிடம் சொன்னால், சுடுவதற்கு முன்பே பாம்பு நுழையும் அளவுக்கு வாய் வெட்டி விளிம்பை மழுக்கித் தருவார். பூச்சு, சாயம் எதுவும் கூடாது. பாம்பு சுருண்டு படுத்தால் உடல் சுவரைத் தொடும் அளவே போதும். பெரிய பானையில் அதற்குப் பாதுகாப்பு உணர்வு வராது. புதுப் பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். தொட்டியின் ஒரு கோடியில் அகலமான மண் தட்டில் ஈர மணலைப் பரப்பி, அதில் பானையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாதி புதையுங்கள். உள்ளே உலர்ந்த செய்தித்தாளோ தேங்காய் நார்த்தூளோ போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் பானைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், பாம்பின் வயிற்றுக்கு அடியில் இருக்கவே கூடாது. காலையிலும் நண்பகலிலும் மணலை நனைத்தால் போதும். தொட்டி மூடியில் பாதியாவது கம்பி வலையாக இருக்கட்டும்; இல்லையென்றால் ஆவி வெளியேற வழியில்லாமல் பானையின் குளிர்ச்சியும் போய்விடும். மூடியைத் தாழிட மறக்காதீர்கள். இந்தப் பாம்பு தலை நுழையும் சந்து கிடைத்தால் வெளியேறிவிடும்.

ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் போடவே வேண்டாம். பாம்பு அதன் மேல் படுத்தால் உடல் திடீரென்று குளிர்ந்து, சூட்டினால் வருவதைப் போன்றே இன்னொரு ஆபத்தில் மாட்டும். மின்வெட்டு வரும் நாள்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, துணியில் சுற்றி, வலை மூடியின் மேல் பானை இருக்கும் பக்கத்தில் மட்டும் வையுங்கள். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும். மறுபக்கத்தை அப்படியே விடுங்கள். குளிர்ந்தது போதும் என்றால் பாம்பு அங்கே போய்க்கொள்ளும். குளிர்சாதன அறை இருந்தால் 27, 28 டிகிரியில் வைத்து, காற்று நேராகத் தொட்டியில் படாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது.

வெப்பமானி எங்கே ஒட்டியிருக்கிறது? கண்ணாடியின் மேல்பகுதியில் என்றால், அந்த 37 பாம்பு படுக்கும் இடத்தின் அளவு ஆகாது. கம்பியோடு வரும் சிறிய மின்னணு வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றைப் பானைக்குள்ளும் மற்றொன்றை எதிர்க்கோடியிலும் தரையோடு தரையாக வையுங்கள். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, சூடான பக்கம் 31, 32 என்பது நல்ல நிலை. கத்திரி நாள்களில் குளிர்ந்த பக்கம் சில மணி நேரம் 30 தொட்டாலும் பயப்பட வேண்டாம்.

தண்ணீரில் கிடப்பதற்குச் சூடு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கண் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் தோல் உரிக்கப்போகிறது. ஓரிரு வாரத்தில் சரியாகும். இன்னொன்று, செள் என்ற சிறு ஒட்டுண்ணி. வெள்ளைத் துணியை நனைத்து உடலை மெதுவாகத் துடையுங்கள். கறுப்புப் புள்ளிகள் ஒட்டி ஊர்ந்தால் அது பாம்புச் செள். கோழிச் செள் பார்த்த உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தை இதன் மேல் தெளித்துவிடாதீர்கள். அளவு தெரியாமல் அடித்த மருந்தில் பாம்பு செத்துப்போகும். மருத்துவர் சொல்லட்டும்.

இரையைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்ல உடல்நிலையில் வளர்ந்த பால் பைத்தான் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். தொட்டி சரியாகி ஒரு வாரம் கழித்து, வெயில் தாழ்ந்த இரவில் சிறிய இரையாகக் கொடுங்கள். சூட்டில் தவிக்கும்போது ஊட்டினால் கக்கிவிடும், அது உடலை இன்னும் தளர்த்தும். உங்களிடம் தோட்டம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வயலில் பிடித்த எலியை ஒருபோதும் போடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் வைத்த எலி மருந்தைத் தின்ற எலியாக இருந்தால் அந்த நஞ்சு பாம்புக்கும் போய்ச் சேரும்.

வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, தலையைப் பின்னால் வளைத்து அண்ணாந்து பார்த்தாலோ, புரட்டிப் போட்டால் திரும்ப முடியாமல் கிடந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். குளிர்ந்த அறையில், சாதாரணக் குடத்துத் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் பாம்பின் பாதி உயரத்துக்கு ஊற்றி, தலை மூழ்காமல் பிடித்து அதில் கிடத்துங்கள். குளிர்பதனப் பெட்டித் தண்ணீர் வேண்டாம். பிறகு பருத்திப் பையில் இட்டு, காற்றுத் துளை போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். உங்களுக்கு அருகில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் இருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வழியில் டீக்கடையில் நிறுத்தினாலும் பெட்டியைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் வரும் சாரையையோ நம் மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் பதிவு கட்டாயம். உங்கள் மகள் அதைச் செய்திருப்பது மகிழ்ச்சி. வளர்க்க முடியாத நிலை வந்தாலும் அதைத் தோட்டத்தில் அவிழ்த்து விடாதீர்கள், வனத்துறையிடம் பேசுங்கள்.

தொட்டியைக் கீழே இறக்கிப் பானை வைத்த பிறகு, மூன்று நாள்களுக்கு மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இரண்டு வெப்பமானிகளும் காட்டுவதைக் குறித்து எனக்கு எழுதுங்கள். பாம்பு பகலில் பானைக்குள் போய்ப் படுக்கிறதா, இன்னும் தண்ணீரிலேயே கிடக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.