ஒன் டைம் பேமெண்ட் வாங்கிட்டா ராயல்டி போச்சா?

படத்துக்கு ரெண்டு பாட்டு எழுதி 15,000 ரூபா வாங்கினேன், அக்ரிமெண்ட்ல 'ராயல்டி உட்பட எல்லா உரிமையும் கம்பெனிக்கே'ன்னு இருக்கு, கையெழுத்தும் போட்டுட்டேன், இனி எனக்கும் பாட்டைப் பாடின ஃப்ரெண்டுக்கும் ஒண்ணும் கிடைக்காதான்னு கேட்டிருக்கீங்க. கிடைக்கும் தம்பி, மனசு விட்டுடாதீங்க.

2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினப்பவே, பாட்டு எழுதினவரும் ட்யூன் போட்டவரும் ராயல்டியைக் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கவே முடியாதுன்னு வெச்சுட்டாங்க, அப்படி எழுதி வாங்கியிருந்தா அந்த வரி செல்லாது. தியேட்டர்ல படத்தோட ஓடுறது மட்டும் இதுல வராது. மத்தபடி டிவி, ரேடியோ, ஸ்ட்ரீமிங், ஹோட்டல் மேடைன்னு எங்க பாட்டு ஓடினாலும் வர்ற ராயல்டில உங்களுக்கும் பங்கு உண்டு.

அதை வசூல் பண்ணித் தர்றது ஐபிஆர்எஸ், பாட்டு எழுதுறவங்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான சங்கம், 1969ல ஆரம்பிச்சது. மெம்பர் ஆனா மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் அங்க தனித்தனியா பதியணும், இங்கதான் நம்மாளுங்க கோட்டை விடுறாங்க. என் பாட்டு ஒண்ணுல யூடியூப் டிஸ்க்ரிப்ஷன்ல 'வரிகள்'னு போட்டு பக்கத்துல இசையமைப்பாளர் பேரே இருந்துச்சு, அதை மாத்த வைக்க நாலு மாசம் அலைஞ்சேன். அதனால முதல்ல உங்க பேரு எல்லா இடத்துலயும் சரியா இருக்கான்னு பாருங்க, பான் கார்டுல வேற பேர், பாட்டுல புனைபெயர்னா ரெண்டையும் குடுத்துடுங்க.

பாடின உங்க ஃப்ரெண்டுக்கு ஐபிஆர்எஸ் பொருந்தாது, பாடகர்களுக்குத் தனியா 2013ல இஸ்ரான்னு ஆரம்பிச்ச சங்கம் இருக்கு, இப்ப பேரு இசாம்ரா, அங்க போகச் சொல்லுங்க.

அக்ரிமெண்ட் காப்பி கைல இல்லன்னா இன்னிக்கே மெயில்ல கேளுங்க, போன்ல கேக்காதீங்க.